பூவிழியின் பத்து நிமிடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. 'ஒரு தொடக்கப்பள்ளி பிள்ளைகளின் படிப்புக்கு எப்படித் துணை நிற்கிறது' என்று ஒரு சிற்றிதழ் என்னிடம் நாலு பக்கம் கேட்டது. நானும் பொன்னேரியில் ரயிலிறங்கி, பழவேற்காடு பஸ் பிடித்து, ஏரிக்கரைக் குப்பம் ஒன்றின் பள்ளிக்குப் போனேன். (குப்பத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பக்கத்துக் குப்பத்துக்காரர்கள், "எங்க ஸ்கூலு மட்டும் இன்னா எளப்பமா?" என்று சண்டைக்கு வருவார்கள்.) திரும்பி வந்து எழுத உட்கார்ந்தேன்:

'காலை உணவு, நிலைவாரியான பயிற்சித் தாள்கள், பெற்றோரின் பங்கேற்பு ஆகியவற்றின் வாயிலாக இப்பள்ளி...'

அந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை. அதில் பொய் ஒன்றும் கிடையாது. ஆனால் தலைமையாசிரியை தெய்வநாயகி அதில் எங்கேயும் இல்லை, நாலாம் வகுப்புப் பூவிழியும் இல்லை. கட்டுரையைக் கைவிட்டேன். சிற்றிதழ்க்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

2

தொடக்கம் ஒன்று: 'ஏரியின் மேல் மெல்ல விடிந்துகொண்டிருந்தது...' வேண்டாம். ஏரியைப் பற்றி எழுதுகிற எல்லாருக்கும் அது விடிந்துகொண்டேதான் இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: 'குடிகாரத் தகப்பன் லோகநாதன் பள்ளி வாசலில் நின்று கத்தினான்.' இதுவும் வேண்டாம். பூவிழியின் அப்பா லோகநாதன் குடிப்பவர் இல்லை. கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டதால் அவர் வாயில் சாராயத்தை ஊற்றப் பார்த்தேன், மன்னிக்கவும். அவர் தணிந்த குரலில்தான் பேசினார். தெய்வநாயகிக்கு வலித்ததே அதனால்தான்.

"டீச்சர், நாலாவது வந்துட்டா. நேத்து ஒரு நோட்டீஸக் குடுத்து படிம்மான்னேன். முழிக்கிறா. பொன்னேரிலருந்து வேன் வருதே, அந்த ஸ்கூல்ல சேத்துடலாம்னு இருக்கேன். டிசி குடுத்துடுங்க."

"யாரு, நம்ம பூவிழியா? புக்கு முழுக்க வாசிப்பாளே!"

கூப்பிட்டார். பூவிழி வந்தாள், பாடப்புத்தகத்தை விரித்தாள், தண்ணீர் பட்டபாடாக ஒப்பித்தாள். தெய்வநாயகி தலையை நிமிர்த்தி லோகநாதனைப் பார்த்தார். லோகநாதன் மேசைமேல் கிடந்த செய்தித்தாளை எடுத்துப் பெண்ணிடம் நீட்டினார். பூவிழியின் விரல் முதல் சொல்லிலேயே நின்றது. ஒரு நொடிதான். பின்னால் இருந்து அவள் சிநேகிதி ரிஃபா எட்டிப் பார்த்து முதல் சொல்லைச் சொன்னாள். அடுத்த சொல்லை, செய்தித்தாளைச் சுற்றி மொய்த்த வகுப்பே கத்திச் சொன்னது. பூவிழி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள்.

இத்தனை வருடமும் அவள் வாசித்ததே இல்லை என்பது தெய்வநாயகிக்கு அப்போதுதான் உறைத்தது.

அவமானத்தில் மனிதர்கள் பெரிய வார்த்தையை விட்டுவிடுவார்கள். அவரும் விட்டார். "நம்ம ஸ்கூல் மேலாண்மைக் குழுக் கூட்டம் வரைக்கும் டைம் குடுங்க. ரெண்டு மாசம். அன்னிக்கு ஊர் முன்னாடி, அவ கண்ணால பாக்காத புக்க வாசிப்பா. இல்லன்னா என் கையாலயே டிசி எழுதித் தரேன்."

3

இங்கே நான் தெய்வநாயகியைக் குறை சொல்ல வேண்டும், கதை நியாயமாக இருக்க வேண்டுமே. ஆனால் தப்பு அவருடையது மட்டுமில்லை. இந்தக் குப்பத்தில் ஒருவர் வலை கனத்தால் பக்கத்தில் நிற்பவர் கேட்காமலே கைகொடுப்பார். பிள்ளைகளும் அப்படித்தான். ஒருத்தி ஒரு சொல்லில் தடுமாறினால் பத்து வாய் சேர்ந்து இழுத்துக் கரையேற்றிவிடும். அந்த நல்ல குணத்தில்தான் பூவிழி நாலாம் வகுப்பு வரை வந்து சேர்ந்திருந்தாள்.

உதவி செய்யாதே என்று பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தார். ரிஃபா அழுதாள்.

விடை அவருக்குப் படகுத்துறையில் கிடைத்தது, அதுவும் லோகநாதனிடமிருந்தே. நல்ல மீன் நாளில் அவர் படகு சும்மா நின்றது. ஏன் என்று தெய்வநாயகி கேட்டார்.

"இன்னிக்கு எங்க பாடு இல்ல டீச்சர்."

(பாடு என்பது ஏரிக்காரர்களின் முறை. மீன் படும் இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கிப்போட்டு, நாள் மாற்றி நாள் வலை விடுவார்கள். உன் நாளில் மீன் வந்தாலும் வராவிட்டாலும் அது உன் நாள். அடுத்தவர் நாளில் அந்தப் பக்கம் யாரும் படகைத் திருப்ப மாட்டார்கள்.)

தெய்வநாயகி பள்ளிக்கு ஓடினார். ஓடினார் என்று எழுதியது கொஞ்சம் அதிகம், அவருக்கு மூட்டுவலி. வேகமாக நடந்தார்.

4

நாலாவதும் ஐந்தாவதும் சேர்த்துப் பதினோரு பிள்ளைகள். டம்ளரில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்குப் பாடு. கரும்பலகைக்கு முன்னால் பத்து நிமிடம், கையில் புதுப் புத்தகம். யாராவது சொல்லை எடுத்துக்கொடுத்தால் அது அடுத்தவர் பாடு நாளில் வலை போட்ட மாதிரி.

பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ரிஃபா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதல் பாடு வந்த அன்று பூவிழி ஒரு சொல்லும் வாசிக்கவில்லை. பத்து நிமிடம் முழுக்க நின்றாள், முடிந்ததும் போய் உட்கார்ந்தாள். இரண்டாவதில் மூன்று சொல். ஒவ்வொருவரும் தடுக்கி நின்ற சொற்களைத் தெய்வநாயகி ஒரு நோட்டில் எழுதிவைத்தார். பூவிழிக்கு மட்டும், அவள் எட்டாமல் விட்ட சொற்களையும் சேர்த்து, நாற்பது பக்கம் போனது. தினமும் காலை உணவு முடிந்ததும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சேர்க்கவைத்தார். மூன்றாவதில் நாலு வரி வந்தது.

இந்த இடத்தில் தெய்வநாயகியைத் தியாகச் சுடராக்க என் பேனா துடிக்கிறது. உள்ளதைச் சொல்கிறேன்: அவர் கோபக்காரர். சுண்ணக்கட்டியைக் கடிப்பார். லோகநாதனைத் தோற்கடிக்க வேண்டும் என்ற வீம்பும் இருந்தது. கூட்டத் தேதியைப் பூவிழியின் நாலாவது பாடு வரும் நாளில் வைத்தார், அவ்வளவு தில்லுமுல்லு அவர் கையில் இருந்தது. எனக்கு அவரை அதனாலேயே அதிகம் பிடிக்கிறது.

5

கூட்டத்துக்கு எழுபது பேர் வந்தார்கள். லோகநாதன் கடைசி வரிசையில், கடிகாரத்துக்குக் கீழே. தெய்வநாயகி அன்று காலை வந்த கதைப்புத்தகத்தைக் கட்டுப் பிரிக்காமலே நீட்டினார். கூடையிலிருந்து தப்பிய ஒரு நண்டின் கதை.

பூவிழி வாசித்தாள். மெதுவாக, விரலை வைத்து. நண்டு கூடையை விட்டு இறங்கியது. மணலைத் தாண்டியது. தார்ச்சாலையில் ஏறியது. சாலை நடுவே வந்து...

நின்றுவிட்டாள்.

ஒரு நிமிடம் போனது. எழுபது பேருக்கும் கை துறுதுறுத்தது. தெய்வநாயகிக்குத் தாங்கவில்லை, வாயைத் திறந்துவிட்டார்.

"டீச்சர்," என்றாள் ரிஃபா, வாயிலிருந்து கையை எடுத்து. "இன்னிக்கு உங்க பாடு இல்ல."

லோகநாதன் பாதி எழுந்திருந்தார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் அப்படியே உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு ஆள் ஏதோ முணுமுணுக்க, "சும்மாருப்பா. பாடு நடக்குது," என்றார்.

"த...த்...தத்...தளி..." பூவிழியின் விரல் எழுத்துக்கெழுத்து நகர்ந்தது. "தத்தளித்தது."

யாரும் கைதட்டவில்லை. அவள் பாடு இன்னும் முடியவில்லையே. அவள் மேலே வாசித்தாள். தூரத்தில் ஒரு லாரி வந்தது. நண்டு இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது. கடிகாரத்தில் பத்து நிமிடம் ஆனது. பூவிழி புத்தகத்தை மூடினாள்.

தெய்வநாயகி அழுதார். அதை எப்படி எழுதினாலும் மிகையாகத்தான் தெரியும், ஆனால் அழுதார். பெருமையில் அழுதார். பின்னால் அவர் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் அந்தப் பெருமையில் ஒரு பங்கு வந்து ஒட்டிக்கொண்டது.

6

முடிவு ஒன்று: லோகநாதன் பெண்ணைத் தூக்கித் தோளில் வைத்து... (அடித்துவிட்டேன். இதற்கு இசையமைப்பாளர் வேண்டும்.)

முடிவு இரண்டு: 'ஒரு பக்கம் வாசிச்சா ஆச்சா?' என்று அவர் டிசி கேட்டே... (இதையும். அவர் உரிமைதான், ஆனால் எழுதக் கை வரவில்லை.)

நடந்தது இவ்வளவு. எல்லாரும் கலைந்த பிறகு லோகநாதன் மேசைக்கு வந்தார். தெய்வநாயகி சொன்ன சொல் தவறாதவர், வாசித்தது போதுமா என்று அவரே முடிவு செய்யட்டும் என டிசி புத்தகத்தை முன்னால் எடுத்து வைத்தார். லோகநாதன் அதைப் பார்க்கவில்லை.

"டீச்சர், அந்த நண்டு தண்ணிக்குப் போய்ச் சேந்துச்சா இல்லியா?"

"இப்பத்தான் கடைசிப் பக்கத்தப் பாத்தேன், எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்."

"ஒரு வார்த்த சொன்னா இன்னா?"

"அவ பாடு மறுபடி பதினோரு நாள் கழிச்சு வரும். வந்து கேட்டுக்கோங்க. வேன் ஸ்கூலுக்குப் போயிட்டா, அது எப்பவும் தெரியாது உங்களுக்கு."

அதற்கு லோகநாதன் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். தெய்வநாயகி வரி பிசகாமல் சொன்னார். எழுதப் போவதில்லை. இவ்வளவு நேரம் பேசியது நான், என் பத்து நிமிடம் முடிந்துவிட்டது. மேசையின் அந்தப் பக்கம் லோகநாதன் நிற்கிறார், இந்தப் பக்கம் டிசி புத்தகம் இருக்கிறது. அவர் வாயைத் திறக்கிறார். மேலே நீங்கள் வாசியுங்கள். எவ்வளவு நேரம் தடுமாறினாலும் நான் எடுத்துக்கொடுக்க மாட்டேன்.