பாதி வீடு

படம் எடுக்கப் போவதாகத்தான் பால்தோ சொல்லிவிட்டு வந்தான். சொன்னது யாரிடம்? புந்தா அரேனாஸ் நகரத்து ரொட்டிக்கடையில் கூட வேலை பார்க்கும் இரண்டு பேரிடம். அவனுக்கு வேறு ஆளில்லை. ஐம்பத்திரண்டு வயதில் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. சொந்தத் தீவுக்கு வெறுங்கையோடு போனால் எதற்கு வந்தாய் என்று கேட்பார்கள். கழுத்தில் கேமரா தொங்கினால் கேட்கமாட்டார்கள் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

கேட்கவும் ஆளில்லை. பெரிய வெள்ளிக்கிழமை. கரையோரத் தெரு முழுக்கச் சன்னல்கள் சாத்திக் கிடந்தன. இன்று யாரும் ஆணி அடிக்கமாட்டார்கள், துடுப்பைத் தொடமாட்டார்கள். கவிழ்த்து வைத்த படகை ஒரு படம் எடுத்தான். கறுப்புத் துணி கட்டிய கோயில் கதவை ஒன்று. நனைந்த நாய் ஒன்று கொஞ்ச தூரம் கூட வந்தது, அதையும் எடுத்தான். பிறகு அதுவும் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது.

உண்மையில் அவனுக்கு வேண்டியது ஒரே படம். பிறந்த வீடு. எடுக்கும்போது அண்ணன் அபெலார்தோ சன்னல் வழியாகப் பார்த்து, 'உள்ள வாடா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதினோரு வருடமாக அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தான். சொல்லாவிட்டால் நாலு மணி பேருந்து இருக்கவே இருக்கிறது.

கடைசி வளைவில் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான்.

வீடு பாதிதான் இருந்தது. கூரையின் உச்சியிலிருந்து தரைவரை நேர்க்கோடாக அறுத்து, ஒரு பாதியைக் கொண்டுபோயிருந்தார்கள். அடுப்படி இருந்த பாதி. மிச்சம் நின்ற பாதியில் அறுத்த பக்கத்தைப் பலகையும் மர ஓடும் வைத்து அழகாக அடைத்திருந்தார்கள். அதன் நடுவில், தண்ணீரைப் பார்த்து, சாத்திய கதவு ஒன்று. அடுப்படிக்குப் போகும் பழைய கதவு.

அப்பாவைப் புதைத்த அன்று, குடித்துவிட்டு அண்ணனைப் பார்த்துத் தான் கத்தியது நினைவுக்கு வந்தது. "என் பாதிய அறுத்துக் குடுத்துடு! உன் மூஞ்சிலயே முழிக்கமாட்டேன்!" வேறு ஊரில் அது வெறும் பேச்சு. வீட்டை உருளைக்கட்டையில் ஏற்றி, மாடு பூட்டி இழுத்து, கடலில் மிதக்கவிட்டு அக்கரை சேர்க்கிற ஊரில் அப்படிப் பேசலாமா? வாய்க்கொழுப்பு.

"யாருடா அது, போட்டோக்காரனா?"

பக்கத்து வீட்டு வாசலில் எர்மெலிந்தா. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு முன் பெஞ்சு.

"நான்தான். பால்தோ."

"தெரியுது. தலைமுடி போனா என்ன, அந்தத் திருட்டு முழி போகுமா?" உள்ளே போய் ஒரு சாவியோடு வந்தாள். "இந்தா. உன் பாதி. பதினோரு வருஷமா இத நான் காத்துக்கிட்டிருக்கேன்."

"எப்ப அறுத்தான்?"

"நீ போன அந்தக் கோடையிலயே. ஊரே சேந்து இழுத்துச்சு. 'கேட்டான், குடுத்துட்டேன்'னான் உங்கண்ணன், அவ்வளவுதான். ஆனா வருஷா வருஷம் வந்து ஒழுகாம ஓடு மாத்திட்டுப் போறான். ஒரு ஆளக் குடிவைக்க விடல."

"என்னப் பத்தி ஏதும் சொன்னானா?"

"உங்க குடும்பத்துல யாருடா வாயத் தொறந்து பேசியிருக்கீங்க? ஒரு தடவ கேட்டேன். 'அந்தக் கதவ அவன் தொறக்கட்டும், பாப்போம்'னான்."

பூட்டைத் திறந்து போனான். உள்ளே அண்ணன் தம்பி இருவரின் கட்டிலும் அப்படியே இருந்தன. அடுப்பில்லாத வீட்டின் குளிர் எலும்பில் இறங்கியது. இந்தக் குளிர்தான் தன் பங்கு, தானே கேட்டு வாங்கியது. தோளைக் கொடுத்து அந்த அடுப்படிக் கதவைத் தள்ளினான். திறந்தது. கீழே படி இல்லை. கடல் இறங்கிப்போயிருந்த நேரம், வெறும் சேறு. அந்தச் சேற்றுக்கு அப்பால், அக்கரையில், மற்றப் பாதி. அதிலும் இவனைப் பார்த்து ஒரு கதவு வைத்திருந்தார்கள். சாத்தியிருந்தது.

கேமராவில் அதைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தான். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பேசாமல் படத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றியது.

அக்கரைக் கதவு திறந்தது.

கம்பளித் தொப்பி போட்ட, கூன் விழுந்த ஓர் ஆள். அண்ணன் இத்தனை கிழடாகிவிட்டானா? அவன் கை காட்டவில்லை. சற்று நேரம் இந்தப் பக்கமே பார்த்தான். பிறகு உள்ளே போய், இருவரும் சின்ன வயதில் இடித்துத் தள்ளி உட்கார்ந்த அடுப்படி பெஞ்சைத் தூக்கிவந்து கதவருகே போட்டான். கதவைச் சாத்தாமல் மறுபடி உள்ளே போனான். புகைபோக்கியில் புகை திரண்டு எழுந்தது. அடுப்பில் விறகு வைக்கிறான்.

பால்தோ கேமராவைச் சுவர் ஆணியில் மாட்டினான். காலணியைக் கழற்றிவிட்டுச் சேற்றில் குதித்தான். முழங்கால் வரை இறங்கியது.

"டேய், தண்ணி ஏறப்போகுது! அப்பறம் திரும்பி வர முடியாது!" எர்மெலிந்தா பின்னாலிருந்து கத்தினாள். "நாலு மணிக்குப் பஸ்ஸுடா!"

அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.