தொடர்ச்சி அடுத்த தாளில்

காலை பதினொன்றரை மணிக்கு, மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஏழு பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, அவளுடைய கைப்பேசியில் அந்தச் செய்தி வந்து விழுந்தது. "உங்கள் வேலை சேர்த்துக்கொள்ளப்பட்டது. அடுத்த பதிப்பில் வெளிவரும். நன்றி." அனுப்பியது, இணையத்தில் 'ஆமை' என்ற புனைபெயரில் மட்டும் அவள் அறிந்த ஒருவர். ஒன்றரை வருடமாக அவளைப் பாடாய்ப் படுத்திய ஆமை. இருமல் மருந்துக் குப்பியை ஒரு கையில் பிடித்தபடியே அதை மூன்று தடவை படித்தாள்.

ஜன்னலுக்கு வெளியே நின்ற பெரியவர், "என்னம்மா, நல்ல சேதியா?" என்றார்.

"ஆமாங்க, நல்ல சேதிதான்" என்றாள். யாரிடம் போய்ச் சொல்வது என்று யோசித்தால் ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது. அது அக்காவின் முகம். இரண்டு வருடமாக அவள் நேருக்கு நேர் பார்க்கத் துணியாத முகம்.

அந்தச் சின்ன மருத்துவமனையில் அவள் மருந்தாளுநர். கணினிகளெல்லாம் பழசு. அவற்றில் ஓடிய எழுத்து மென்பொருள் இலவசமானது. எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து எழுதி வைத்தது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், குறை கண்டால் யார் வேண்டுமானாலும் திருத்தியும் கொடுக்கலாம். நோயாளி வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுக்கிற மருந்துப் பட்டியலைக் கட்டம் போட்டு அதில்தான் அவள் அச்சிடுவாள். மருத்துவமனையில் இருப்பு உள்ள மருந்துகள் மேலே வரும். வெளியே வாங்கிக்கொள்ள வேண்டியவை கடைசியில் வரும். பட்டியல் நீண்டால் இரண்டாவது தாளுக்குப் போய்விடும். ஆனால் முதல் தாளின் அடியில் அதற்கான எந்த அறிகுறியும் இருக்காது. கட்டம் சுத்தமாக முடிந்துபோனது போலவே இருக்கும். அதனால் அவள் சிவப்புப் பேனாவை எடுத்து, "இன்னொரு தாள் உண்டு" என்று அடியில் எழுதிக் கொடுப்பது வழக்கம். எட்டு வருட வழக்கம். ஒரே ஒரு நாள்தான் விட்டுப்போனது.

அத்தான் இதயச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன நாள் அது. ஜன்னலில் ஒரே கூட்டம். அக்கா ஓரமாக வந்து நின்றபோது, வேற்று ஆளா என்ன, அக்காதானே, சாயங்காலம் வீட்டுக்கே போய் விளக்கமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தாள்களை உறையில் போட்டு நீட்டிவிட்டாள். அன்று சாயங்காலம் போகவில்லை. மறுநாள் வேறு வேலை. ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை இரண்டாவது தாளில் இருந்தது. பத்தொன்பதாவது நாள், காலையில் பல் தேய்க்கப் போன அத்தான் குளியலறை வாசலிலேயே சரிந்தார். வலது கையும் காலும் போயின. பாதிப் பேச்சும் போயிற்று.

யாரும் அவளைக் கேட்கவில்லை. மாத்திரை விட்டுப்போனது எப்படி என்று பெரிய மருத்துவர் கேட்டபோது அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். சிவப்புப் பேனா விஷயம் இவள் நாக்கு நுனிவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. அப்புறம் சொல்லலாம் என்றிருந்தாள். அப்புறம் என்பது வாரமாகி, மாதமாகி, சொல்லவே முடியாத ஒன்றாக இறுகிப்போனது.

சொல்வதற்குப் பதிலாகத்தான் இந்த வேலையில் இறங்கினாள். கட்டம் அடுத்த தாளுக்குப் போனால் முதல் தாளின் அடியில் "தொடர்ச்சி அடுத்த தாளில்" என்றும், அடுத்த தாளின் தலையில் "முந்தைய தாளின் தொடர்ச்சி" என்றும் தானாகவே வரவேண்டும். அவ்வளவுதான். கேட்கும்போது ஒரு மணி நேர வேலை மாதிரி இருந்தது. நிரல் எழுதத் தெரியாதவள், புத்தகத்தை வைத்துக்கொண்டு அ, ஆவிலிருந்து தொடங்கினாள். விடிகாலையில் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையில் பகல் முழுவதும். முதல் முறை அனுப்பியதை, அந்த மென்பொருளுக்கு வரும் திருத்தங்களைச் சரிபார்க்கும் ஆமை பதினாறு குறைகளோடு திருப்பி அனுப்பினார். அந்தப் பெயருக்குப் பின்னால் ஆணா பெண்ணா, எந்த நாட்டு ஆள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. பதில் வர மூன்று வாரமாகும். வந்தால் அதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பாது.

ஒரு தடவை ஆமை எழுதினார்: "உங்கள் வரி ஓர் இடத்தைப் பிடிக்கிறது. அதனால் கடைசி மருந்து அடுத்த தாளுக்குத் தள்ளப்படுகிறது. உங்கள் வரி இல்லாவிட்டால் எல்லாம் ஒரே தாளில் அடங்கியிருக்கும். பிரிந்துவிட்டது என்று அறிவிக்க வந்த வரியே பிரித்து வைக்கிறது. யோசியுங்கள்." அதைச் சரி செய்யவே நான்கு மாதம் பிடித்தது. இன்னொரு தடவை, "இந்த வசதி உண்மையில் யாருக்குத் தேவை? ஓர் உதாரணம் கொடுங்கள்" என்று கேட்டிருந்தார். அவள் நடந்ததை நடந்தபடி நான்கு வரியில் எழுதினாள். படித்துப் பார்த்தாள். அத்தனையையும் அழித்துவிட்டு, "நீளமான பட்டியல் அச்சிடுகிறவர்களுக்கு" என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அக்கா கூப்பிடுவாள். "ஏன்டி, வழி மறந்துபோச்சா? அவர் உன்னைக் கேக்குறார்டி. வாரத்துல ஒரு நாள் எட்டிப் பாத்தா கொறைஞ்சா போயிடுவ?"

"வேலை இருக்குக்கா. அடுத்த வாரம் கண்டிப்பா வர்றேன்."

"லீவு நாள்ல அப்படி என்னடி வேலை?"

இதற்கு அவள் பிடிகொடுக்காமல் ஏதாவது சொல்லி வைப்பாள். அத்தானுக்காகத்தானே உட்கார்ந்திருக்கிறோம் என்று மனதுக்குள் ஒரு சமாதானம் இருந்தது. கொஞ்ச நாளில் அக்கா காரணம் கேட்பதை விட்டாள். அப்புறம் கூப்பிடுவதையும் விட்டாள். அது அவளுக்கு உள்ளூர ஆறுதலாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

புதிய பதிப்பு வந்த வாரம், மருத்துவமனைக் கணினியில் அதை ஏற்றி ஒரு பொய்ப் பட்டியலை அச்சிட்டாள். தாளின் அடியில் பொடி எழுத்தில் அந்த மூன்று வார்த்தைகள் வந்தன. இரண்டு தாள்களையும் மடிக்காமல் ஓர் அட்டைக்குள் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை பிற்பகல் அக்கா வீட்டுப் படியேறினாள்.

கதவைத் திறந்த அக்காவின் முன்தலை முழுக்க நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று தெரியவில்லை. "வா" என்றாள், வங்கிக்கு வந்தவரை வரவேற்பது போல. கூடத்தில் அத்தானின் சக்கர நாற்காலி காலியாக இருந்தது. "உள்ளே தூங்குறார்" என்றாள் அக்கா.

தண்ணீர் வந்தது. குடித்தாள். பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அட்டையைப் பிரித்துத் தாள்களை அக்காவின் முன் வைத்தாள். "இந்த அடியில பாருக்கா. இது நான் போட்டது. உலகத்துல யாரு இதுல பட்டியல் அடிச்சாலும் இனிமே இது வரும்."

அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். முதல் தாளின் அடியைப் படித்தாள். இரண்டாவது தாளின் தலையைப் படித்தாள். மறுபடியும் முதல் தாளுக்கு வந்தாள். விரல் அந்தப் பொடி எழுத்தின் மேலேயே நின்றது.

"இது முன்னாடியே இருந்துச்சா, இப்பதான் வந்துச்சா?"

"இப்பதான். முன்னாடி நான்தான் கையால எழுதிக் குடுப்பேன். எல்லாருக்கும் எழுதுவேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அன்னிக்கு உனக்கு எழுதலக்கா. கூட்டமா இருந்துச்சு. சாயங்காலம் வந்து சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். வரல. நான்தான்க்கா."

அக்கா அழுவாள், அல்லது கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். இரண்டுக்கும் தயாராகத்தான் வந்திருந்தாள். அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த ரெண்டாவது தாள் எங்கிட்டதான்டி இருந்துச்சு."

"என்னது?"

"அன்னிக்கே உறையில பாத்தேன். அதுல அவர் பேரு இல்ல. ரெண்டே ரெண்டு மருந்து, கட்டம் போட்டு. வேற யாரோடதோ கலந்து வந்துடுச்சுன்னு நெனச்சு எடுத்து மேசைக்குள்ள போட்டேன். உங்கிட்டக் கேக்கலாம்னுதான் இருந்தேன். நீ வேலையா இருப்ப, எதுக்குத் தொல்லைன்னு விட்டுட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா..." நிறுத்தினாள். "அவர் விழுந்தப்பறம் எடுத்துப் பாத்தேன். கிழிச்சுப் போட்டேன்டி. யாருக்கும் தெரியாது."

வெளியே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பத் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தார்கள்.

"நீ வராம இருந்தியே," என்றாள் அக்கா, "உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். அவர இப்படி ஆக்கினது இவதான்னு எம்மேல வெறுப்பு, அதான் வாசப்படி மிதிக்க மாட்டேங்குறான்னு. நியாயம்தானேன்னு கூப்பிடுறதையும் விட்டேன்."

அவள் பதினாறு குறைகளையும் நான்கு மாதத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். அந்த நாட்களில் ஒன்றில், ஒரே ஒன்றில், இந்தக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தால் போதும். அக்காவின் கையைப் பிடித்தாள். அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை; திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"அவருக்குத் தெரியுமாக்கா?"

அக்கா பதில் சொல்வதற்குள் உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. இரண்டு பேரும் திரும்பினார்கள். அக்கா எழப் போனாள். "வ...வேணாம்" என்று உள்ளேயிருந்து அத்தானின் குரல் வந்தது. எவ்வளவு நேரமாக விழித்திருந்தார் என்று தெரியவில்லை. துணி உரசும் ஓசை, பிறகு கம்பு தரையில் ஊன்றும் ஓசை. வெகுநேரம் கழித்துக் கதவருகே வந்து நின்றார். விருந்தாளி வந்திருக்கிறாள் என்று வெளுத்த சட்டை ஒன்றை எடுத்து, இடது கை ஒன்றாலேயே எல்லாப் பொத்தான்களையும் போட்டிருந்தார். முதல் பொத்தானே ஒரு துளை தள்ளி விழுந்திருந்தது. கழுத்தருகே ஒரு துளை மிச்சம். அடியில் ஒரு பொத்தான் தனியாகத் தொங்கியது. வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரிக்க, சட்டையைத் தடவிக் காட்டியபடி அவர் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.