உலகம்மையின் வேகம்

உலகம்மைக்கு அப்போது முப்பத்தொரு வயது. செக்ரட்டேரியட்டில் டைப்பிஸ்ட் வேலை. நிமிஷத்துக்கு எழுபது வார்த்தை அடிப்பாள். அவசரக் கடிதம் என்றால் அடுத்த செக்‌ஷனிலிருந்தும் அவள் மேசைக்குத்தான் வரும். நாஞ்சில் நாட்டிலிருந்து மலையாளம் பேசும் ஊருக்கு வந்து சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணன் திரவியத்தோடும் அண்ணி சிவகாமியம்மாளோடும் வலியசாலையில் குடியிருந்தாள். ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பவர்களிடம், "நேரம் கிடைக்கல்ல" என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் கலைவாணி மாதர் சங்கத்தார் தங்கள் விதிமுறைப் புத்தகத்தை டைப் அடித்துத் தரச் சொல்லி அவளிடம் கொடுத்திருந்தார்கள். அடித்த தாள்களைக் கொடுக்க ஒரு சனிக்கிழமை மத்தியானம் சங்கத்துக்குப் போனாள். கூடத்தின் மூலையில் பெரிய கறுப்புப் பியானோ ஒன்று நின்றது. சுதந்திரம் வந்த வருஷம் ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயர் கப்பல் ஏறும்போது சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அதன் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். பெயர் சுசீலாபாய். வயது இருபத்துமூன்று இருக்கும். மிஷன் ஆஸ்பத்திரி கம்பவுண்டரின் மகள். சனி, ஞாயிறுகளில் அங்கே சிறுமிகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

உலகம்மை பாட்டைக் கேட்கவில்லை. விரல்களைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தையும் விரல்களையும் மாற்றி மாற்றிப் பார்த்து மனசுக்குள் எண்ணினாள். நிமிஷத்துக்கு ஐநூறு தட்டுக்குக் குறையாது. டைப்பில் அவளுடைய கணக்கு, வார்த்தைக்கு அஞ்சு எழுத்தாக, முந்நூற்றைம்பது. பத்து வருஷமாக அந்த ஊரில் தன் விரலை மிஞ்சிய விரல் இல்லை என்று நினைத்திருந்தவளுக்கு அது நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

"எனக்கும் படிச்சுத் தரணும்" என்றாள்.

சுசீலாபாய் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "இது குட்டிகளுக்குள்ள கிளாஸ் அக்கா."

"ரூல்ல அப்படி இல்ல. ரூலை முழுசும் நான்தான் டைப் அடிச்சேன். சங்கத்தில மெம்பரா இருக்க எந்த ஸ்திரீயும் படிக்கலாம்னு ஒன்பதாம் விதியில இருக்கு. நான் இன்னைக்கே மெம்பராச் சேருதேன்."

அடுத்த சனிக்கிழமையே பத்து வயதுச் சிறுமிகள் நாலு பேருக்குப் பின்னால் வரிசையில் உட்கார்ந்தாள். தன் முறை வந்ததும், சொல்லிக் கொடுத்த எட்டு ஸ்வரங்களையும் மேலும் கீழும் சடசடவென்று ஓட்டினாள். சிறுமிகள் வாயைப் பிளந்தார்கள். சுசீலாபாயின் முகம் மட்டும் சுருங்கியது.

"நீங்க அடிக்கியோ அக்கா, வாசிக்கல்ல. டைப் மெஷின்ல ஒரு தட்டுத் தட்டிட்டு விரலை எடுத்திருவியோ. இங்க அடுத்த விரல் இறங்குத வரைக்கும் முதல் விரல் கட்டையிலேயே இருக்கணும். கையோட பாரம் ஒரு விரல்லேர்ந்து அடுத்த விரலுக்கு நடந்து போகணும். பின்ன, இந்தப் பெருவிரல்."

"பெருவிரலுக்கு என்ன?"

"டைப் மெஷின்ல அதுக்கு வார்த்தைக்கு நடுவில இடம் விடுத ஒரே ஒரு வேலைதானே. இங்க அதுதான் மத்த விரலுக்கு அடியில புகுந்து அந்தப் பக்கம் போகணும். உங்க பெருவிரல் மரம் மாதிரி நிக்கிது."

சுசீலாபாய் பெட்டியிலிருந்து மெட்ரோனோமை எடுத்து வைத்தாள். கூம்பு வடிவ மரப் பெட்டி. முன்னால் ஒரு கம்பி ஆடி ஆடி டக் டக் என்று தாளம் காட்டும். கம்பியில் இருக்கும் எடையை ஏற்றி இறக்கினால் வேகம் மாறும். நிமிஷத்துக்கு அறுபது தட்டில் வைத்துவிட்டு, "ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம். அதுக்கு மேலே வேண்டாம், கேட்டேளா" என்றாள்.

அறுபது என்றால் நிமிஷத்துக்கு அறுபது ஸ்வரம். எழுபது வார்த்தைக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தாள். அந்த வேகத்தில் தன் குறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழுவதைக் கேட்டாள். மோதிர விரல் முனகியது. சுண்டுவிரல் பாதி நேரம் ஊமையாக இருந்தது. பெருவிரல் இறங்கும் இடத்திலெல்லாம் யாரோ கதவை அறைவதுபோல் ஒரு சத்தம்.

வீட்டில் பியானோ ஏது? அண்ணன் கடையிலிருந்து வந்த தேயிலைப் பெட்டியின் மூடியில் சுண்ணாம்பால் கட்டைகளை வரைந்து வைத்துக்கொண்டாள். திரவியம் அதைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? சர்ச்சில வாசிக்கப் போறியா?" என்று கேட்டான்.

"சர்ச்சில கூப்பிட்டாப் போவேன்."

"இந்த வயசில இதைப் படிச்சு என்ன காணப் போறே?"

"படிக்காம இருந்து நீ என்ன கண்டே அண்ணாச்சி?" என்றாள். அண்ணி அடுக்களைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

ஒன்றரை வருஷம் இப்படிப் போயிற்று. ஓட்டமான இடங்களுக்குச் சுசீலாபாய் ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள். பதினாறு ஸ்வரம் ஒரே மூச்சில் ஓட வேண்டிய இடத்தை முதலில் நெடில் குறில், நெடில் குறில் என்று நொண்டி நொண்டி வாசிக்க வேண்டும். பிறகு அதையே குறில் நெடிலாகத் திருப்பிப் போட வேண்டும். அதன்பின் நாலு நாலு ஸ்வரமாக ஓடி ஓடி நிற்க வேண்டும். மூன்று தடவை பிசகில்லாமல் வந்தால்தான் மெட்ரோனோமில் ஒரு படி ஏறலாம். ஒரு தடவை பிசகினாலும் ஒரு படி இறங்கிவிட வேண்டும். இறங்குவதுதான் உலகம்மைக்கு வேம்பாகக் கசந்தது.

சங்கத்தின் தலைவி சாவித்ரி அம்மாள், ஸ்ரீவராகம் பகுதியைச் சேர்ந்தவர், பெரிய உத்தியோகஸ்தரின் மனைவி. கெட்டவர் என்று சொல்ல முடியாது. சங்கத்தைத் தன் வீடுபோல நினைத்தார், அவ்வளவுதான். ஐம்பத்து நாலாம் வருஷம் ஏப்ரலில், லண்டனிலிருந்து வரும் பரீட்சைக்காரரிடம் நாலாம் கிரேடு பியானோப் பரீட்சைக்குத் தன் பெயரையும் சேர்க்கும்படி உலகம்மை கேட்டபோது, அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உனக்கென்னத்துக்கு பரீட்சை? குழந்தைகளோட நீ போய் நின்னா நன்னாவா இருக்கும்? தவிரவும் அந்தப் பியானோ பழசு. டைப் அடிக்கிற கை பட்டுப் பட்டு கட்டையெல்லாம் ஆடறதுன்னு எல்லாரும் சொல்றா. உங்களுக்கெல்லாம் வேகம் ஒண்ணுதான் தெரியும். சங்கீதம் வேற."

மறுநாள் உலகம்மையிடமிருந்து இரண்டு பக்கத்தில் டைப் அடித்த ஒரு மனு வந்தது. ஒரு எழுத்துப்பிழை கிடையாது. ஒன்பதாம் விதியின்படி படிக்கும் உரிமை, பதினாலாம் விதியின்படி உபகரணங்களைப் பயன்படுத்தும் உரிமை, விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தைப் பொதுக்குழுவில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிற இருபத்திரண்டாம் விதி. கீழே, பியானோவில் ஆடும் கட்டைகள் எவை என்று காட்டினால் தானே ஆள் கூட்டிவந்து சரிபார்க்கத் தயார் என்று ஒரு வரி. அதன் நகல் ஒன்று குழுவிலிருந்த ஒவ்வொருவருக்கும் போயிற்று.

ஆடும் கட்டை எதையும் யாராலும் காட்ட முடியவில்லை. பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் சனி, ஞாயிறு வகுப்பு குழந்தைகளுக்கு மட்டும் என்று புதிதாகத் தீர்மானம் போட்டு, அவளுக்குக் காலை ஆறிலிருந்து ஏழு வரை ஒதுக்கினார்கள். அந்த நேரத்தில் யாரும் வரமாட்டார்கள் என்ற கணக்கு. உலகம்மை அஞ்சரைக்கே வலியசாலையிலிருந்து நடந்து வந்து வாசலில் நின்றாள். சுசீலாபாயும் வாரத்தில் இரண்டு நாள் தானாகவே வந்தாள்.

"நீ எதுக்கு இந்த நேரத்தில வாறே? உனக்கு வேண்டாத தொந்தரவு" என்றாள் உலகம்மை.

"அக்காவைப் பரீட்சைக்கு அனுப்பாதேன்னு எங்கிட்டயும் சொன்னாங்க" என்றாள் சுசீலாபாய். "அதுக்கப்புறம் வராம இருக்க முடியல்ல."

பரீட்சை உருப்படி இரண்டு பக்கம். தலைப்பில் நூற்றிருபது என்று வேகம் போட்டிருந்தது. தட்டுக்கு நாலு ஸ்வரம். ஆகஸ்டில் எண்பத்துநாலு, செப்டம்பரில் தொண்ணூற்றாறு, அக்டோபரில் நூற்றெட்டு. நூற்றுப்பன்னிரண்டுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றாலும் இரண்டாம் பக்கத்தில் முழங்கைக்குக் கீழே கயிறு முறுக்கியதுபோல் இறுகியது. ஆபீசில் டைப் அடிக்கும்போதும் வலித்தது.

"நூற்றுநாலுக்கு இறங்குங்க" என்றாள் சுசீலாபாய். "வேகம் குறைஞ்சா கொஞ்சம் மார்க்குதான் போகும்."

"வேகம் ஒண்ணுதான் தெரியும்னு அந்த அம்மா சொன்னாங்கல்லா? அதுவாவது தெரியும்னு காட்டணும்."

"அவங்களுக்கு வேண்டியா வாசிக்கியோ?"

உலகம்மை முதல் வரியை மறுபடி எடுத்தாள். மறுநாளும் நூற்றுப்பன்னிரண்டிலேயே முட்டிக்கொண்டு நின்றாள்.

பரீட்சைக்கு எட்டு நாள் முன்னால், அதற்குப் போகிறவர்கள் எல்லாரும் பெற்றோர்கள் முன்னிலையில் வாசித்துக் காட்ட ஏற்பாடாகியிருந்தது. முதல் வரிசையில் சாவித்ரி அம்மாள். ஆறு சிறுமிகள் வாசித்து முடித்துக் கைதட்டல் வாங்கினார்கள். உலகம்மை ஏறி உட்கார்ந்து, நூற்றிருபதில் எடுத்தாள். முதல் பக்கம் பறந்தது. இரண்டாம் பக்கம் மூன்றாம் வரியில் பெருவிரல் புகவில்லை. விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, இடது கை எங்கேயோ போய், எல்லாம் நின்றது.

எங்கோ ஒரு சிறுமி களுக்கென்று சிரித்தாள்.

"பரவாயில்லை, போதும். எழுந்துக்கோ" என்றார் சாவித்ரி அம்மாள். அவர் குரலில் இரக்கம்கூட இருந்தது. அந்த இரக்கத்தைத்தான் உலகம்மையால் தாங்க முடியவில்லை.

"போதாது அம்மா. நான் இன்னும் முடிக்கல்ல."

நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்தாள். மெட்ரோனோமை எடுத்துத் தன் முன்னால் வைத்து, எடையை அறுபதுக்கு நகர்த்தினாள். டக். டக். ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரமாக உருப்படியை முதலிலிருந்து எடுத்தாள். எல்லார் முன்னாலும், முதல் மாசத்துச் சிறுமிபோல.

ஒரு பக்கம் முடிவதற்குள் நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. சிலர் எழுந்து போனார்கள். யாரோ மலையாளத்தில் "இது எப்பத் தீரும்?" என்று கேட்டார்கள். உலகம்மை திரும்பவில்லை. பிசகிய இடம் வந்தது. அந்த வேகத்தில் அவளுக்கு நேரம் தாராளமாக இருந்தது, பார்த்தாள். தன் முழங்கை உடம்போடு ஒட்டிக்கொண்டு கையை நகரவிடாமல் பிடித்துவைத்திருந்தது. பெருவிரல் கடைசி நொடிவரை வெளியே நின்றுவிட்டு, பிறகு பாய்ந்து உள்ளே புகுந்தது. முழங்கையை விட்டாள். பெருவிரலை இரண்டு ஸ்வரம் முன்னதாகவே அடியில் கொண்டுபோய், தன் முறைக்காகக் காத்திருக்க வைத்தாள். கதவை அறையும் சத்தம் வரவில்லை. மூன்றாம் வரி, நாலாம் வரி, கடைசி வரி. முடித்துவிட்டு எழுந்து கும்பிட்டாள்.

கூடத்தில் பாதிப் பேர்தான் இருந்தார்கள். கைதட்டியது இரண்டு பேர். ஒருத்தி சுசீலாபாய். இன்னொருத்தி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணி சிவகாமியம்மாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அண்ணி, "எனக்கு ஒண்ணும் புரியல்ல. ஆனா ரெண்டாந் தடவை எல்லாச் சத்தமும் தனித்தனியாக் கேட்டுது" என்றாள்.

மிச்சமிருந்த எட்டு நாளில் உலகம்மை அறுபதிலிருந்து மறுபடி ஏறினாள். பரீட்சை நாள் காலையில் நூற்றுநாலில் மூன்று தடவை பிசகில்லாமல் வந்தது. நூற்றெட்டில் ஒரு தடவை பிசகியது. சுசீலாபாய் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நூற்றுநாலுதான்" என்றாள் உலகம்மை. "பயந்து இறங்கல்ல, கேட்டியா? இன்னைக்கு எனக்குச் சொந்தமா இருக்கது அவ்வளவுதான்."

பரீட்சைக்காரர் நரைத்த மீசைக்காரர். சிறுமிகளுக்கு நடுவில் புடவை கட்டிய ஒரு பெண் உள்ளே வந்ததைப் பார்த்து, அம்மாவோ என்று நினைத்து, குழந்தை எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான்தான் என்றாள். வாசித்து முடித்ததும் தாளைப் புரட்டிக் காட்டி, "இதில் நூற்றிருபது என்று போட்டிருக்கிறதே, கவனித்தீர்களா?" என்றார்.

"கவனித்தேன் சார். நூற்றிருபதில் வாசித்தால் பாதி ஸ்வரத்தை விழுங்கிவிடுவேன். இந்த வேகத்தில் ஒன்றையும் விடவில்லை. விட்டிருந்தால் சொல்லுங்கள்."

அவர் பேனாவை எடுத்தார். "விடவில்லை" என்று சொல்லிவிட்டு எழுதினார்.

ஜனவரியில் முடிவு வந்தது. தேறியிருந்தாள், சிறப்புத் தேர்ச்சி இல்லை, வெறும் பாஸ்தான். குறிப்பில், வேகம் குறைவு என்றும், ஒலி சீராகவும் தெளிவாகவும் இருந்தது என்றும் எழுதியிருந்தது. உலகம்மை வேகம் குறைவு என்ற வரியைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

அடுத்த வாரம் காலை ஆறரைக்குச் சங்க வாசலில் கார் வந்து நின்றது. சாவித்ரி அம்மாள் கூடத்துக்குள் வந்தார். உலகம்மை வாசித்துக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"பாஸாயிட்டே. சந்தோஷம்" என்றார் அவர். "உன் பேரை ஆண்டு அறிக்கையிலே போடச் சொல்லியிருக்கேன். இனிமே இந்தக் காலை நேரத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துடலாமோன்னு குழுவிலே ஒரு அபிப்பிராயம். உனக்கு வேண்டியது கிடைச்சாச்சோல்லியோ?"

"இல்லம்மா, கிடைக்கல்ல" என்றாள் உலகம்மை. "அஞ்சாம் கிரேடுக்கு விண்ணப்பம் நேத்தே தபால்ல போட்டாச்சு. நகல் உங்க மேசையில இருக்கு. குட்டிகளும் ஆறு மணிக்கு வரட்டும். நான் அஞ்சுக்கு வாறேன்."

சாவித்ரி அம்மாள் சுவர் ஓரத்து நாற்காலி ஒன்றை இழுத்து உட்கார்ந்தார். போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

உலகம்மை கட்டைகள் பக்கம் திரும்பினாள். புது உருப்படியின் முதல் வரியை வலது கையால் மட்டும், மிகப் பைய, வாசிக்கத் தொடங்கினாள்.