தையலுக்கு விட்ட இரண்டடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா வீட்டின் பின்பக்கம் வெயில் காய ஒரு கண்ணாடி அறை கட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே பேனாவைத் திறந்துவிட்டேன். அறை எழும்புவதற்குள் கதையை முடித்துவிடலாம் என்று கணக்கு. ஆசை யாரை விட்டது?

முதல் வரியாக எழுதியது: 'கண்ணாடி வழியே வெயில் ஒரு பூனையைப் போல...' (வேண்டாம். வெயில் வெயிலாகவே இருக்கட்டும்.)

அடுத்தது: 'அக்காவுக்கு வெயில் என்றால்...' (இது பரவாயில்லை. ஆனால் வாக்கியத்தை முடிப்பதற்கு முன் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.)

2

அக்கா நர்ஸ். வேலைக்காலம் முழுக்க இரவுப் பணி. பகலெல்லாம் தடித்த திரையை இழுத்துவிட்டுத் தூங்கியே பழகியவள். ஓய்வு பெற்றதும் சொன்னாள்: "எனக்கு ஒரு ரூம் வேணும். மூணு பக்கமும் கண்ணாடி. உள்ளே ஒரு சாய்வு நாற்காலி, நான். வேற ஒரு சாமானும் வரக்கூடாது."

அந்த வீட்டில் தனக்கென்று அவள் வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான். அதனால் விளையாட்டுக் காரியமில்லை.

மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், டைலர். வரைபடம் போட ஆள் வைக்கலாமே என்றேன்.

"சட்டை தைக்கறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு ஆளை வரைஞ்சா பாக்கறோம்? நேரா அளவெடுத்து வெட்ட வேண்டியதுதானே மச்சான்?"

பழுப்புக் காகிதத்தை ஒட்டி ஒட்டி, அறையின் தரையை அசல் அளவிலேயே வெட்டி, பின்முற்றத்தில் விரித்து, ஓரமெல்லாம் கல் வைத்துவிட்டார்.

(இந்த இடத்தில் எனக்கு மாமாவின் மேல் சந்தேகம் வந்தது. இப்படி ஒரு மனிதரை வாசகர் நம்புவாரா? நேரில் இருக்கிறாரே, என்ன செய்ய.)

3

கண்ணாடி வேலைக்காரர் வந்தார். காகிதத்தை அளந்தார். தலையைச் சொறிந்தார். "நீங்க போன்ல சொன்ன அளவு வேற, இங்க இருக்கறது வேற சார்."

"தையலுக்கு இடம் விட்டிருக்கேன்," என்றார் மாமா பெருமையாக. "பின்னாடி பத்தலன்னா பிரிச்சு விட்டுக்கலாம்."

"கண்ணாடியைப் பிரிச்சு விட முடியாதே சார்!"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. (இங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல நகைச்சுவைக் கதை என்று பேர் வாங்கியிருப்பேன்.) அக்கா மட்டும் சிரிக்காமல் குனிந்து ஓரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இந்தப் பக்கம் அரை இஞ்ச். அந்தப் பக்கமும் அரை இஞ்ச். இங்க மட்டும் ரெண்டடியா? எனக்கு எத்தனை வருஷமா ரவிக்கை தைக்கறீங்க, ஒரு நாளும் இப்படித் தாராளம் காட்டினதில்லையே?"

மாமாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "மெஷின் வைக்க அவ்வளவு போதும்," என்று முணுமுணுத்தார். "கடையில வெளிச்சமே இல்ல. ஊசி கோக்கக் கண்ணு தடுமாறுது."

"என்கிட்ட கேக்கறதுக்கு என்ன?"

"கேட்டா நீ உடனே சரின்னுடுவே. அதான் கேக்கல."

கேட்காமல் திருடுவது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் அவள் சரி என்று சொல்லவில்லை.

4

ஒரு முடிவு: அக்கா கண்கலங்கி, "வெச்சுக்கோங்க," என்கிறாள். (சுத்தப் பொய். வாழ்நாளெல்லாம் விட்டுக்கொடுத்தவளை என் கதைக்காக இன்னொரு தடவை விட்டுக்கொடுக்க வைப்பதா?)

இன்னொன்று: மாமா அந்த இரண்டடியைக் கத்தரித்து எறிந்துவிட்டு... (இது பாதி உண்மை.)

கத்தரியோடு அவர் குனிந்தது நிஜம். அதற்குள் அக்கா அந்த இரண்டடிக் காகிதத்தின் மேல் காலை நீட்டிப் படுத்துவிட்டாள். வெயில் நேராக முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"எழுந்திரும்மா. வெட்டணும்."

"வெட்டுங்க. நான் எழுந்திரிக்க மாட்டேன்."

மாமா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்சம் தள்ளிப் படு," என்றார்.

அக்கா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"போன்ல சொன்னதா, காகிதத்துல இருக்கறதா, எந்த அளவை எழுதிக்கறது?" என்று கண்ணாடி வேலைக்காரர் என்னைப் பார்க்கிறார். எனக்கு இருவருமே வேண்டியவர்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்கள்தான் வெளி ஆள். சொல்லுங்கள், அவள் தள்ளிப் படுக்கட்டுமா?