நரிகளின் வரலாற்றில் ஒரு வரி

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டுக்கு வருகிறார் என்று மருமகள் வினோஜா சொன்னது வியாழக்கிழமை. அன்றைக்கே சிவானந்தத்தாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"என்னத்துக்கு வாறான்?"

"இவர் விளையாடின ஹொக்கி ரீமுக்கு ஐம்பது வருஷமாம் மாமா. ரீமுட வரலாற்றைப் புத்தகமாப் போடினமாம். இவரைப் பற்றிக் கேக்க வாறாராம்."

"என்ட மகன் செத்து ரெண்டு வருஷம். உயிரோட இருக்கக்குள்ள கேக்காதவனுக்கு இப்ப என்ன கேள்வி?"

வினோஜா பதில் சொல்லவில்லை. அவள் கார்டெறியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், இருபது குழந்தைகளைச் சமாளிக்கிறவள். எதற்குப் பதில் சொல்ல வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அவளுக்குத் தெரியும். அந்த மௌனம்தான் கிழவருக்குப் பிடிக்கவில்லை. இவள் ஏற்கெனவே அவனோடு கதைத்திருக்கிறாள். எவ்வளவு கதைத்தாளோ?

சிவானந்தத்தாருக்கு வயது எழுபத்தெட்டு. களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் தபாலதிபராக இருந்தவர். தாய்வழியில் கோயில் வண்ணக்கர் பரம்பரை. கோயிலின் திறப்பும் கணக்கும் நான்கு தலைமுறையாக அவர்கள் கையில் இருந்தும் ஒரு பழிச்சொல் விழுந்ததில்லை. மொன்றியலுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் தையல் ஆலையில் இஸ்திரிக்கை போட்டவர்தான். ஆனாலும் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டாமல் வேலைக்குப் போனதில்லை. கடன் என்று யார் வாசலிலும் நின்றதில்லை. தன் வாழ்க்கையில் ஒரேயொரு பொய் சொன்னார். அதையும் ஒரு அரசாங்கத்திடம் சொன்னார்.

எண்பத்துநாலில் அவரும் மனைவி கிளியும் பிள்ளையும் வெளிக்கிட்டபோது, ஏஜென்சிக்காரன் கிளிக்குக் கொடுத்தது வேறு ஒருத்தியின் கடவுச்சீட்டு. அதில் மூன்று வயது மகன் ஒருவன் பதிவாகியிருந்தான். அவர்கள் மகன் துஷாந்தனுக்கு அப்போது ஐந்து. "இறங்கின பிறகு பெயரைச் சரியாச் சொல்லுங்கோ, பிள்ளையிட வயதை மட்டும் பாஸ்போட்டில உள்ளபடி மூண்டெண்டே சொல்லுங்கோ, மாத்தினா முழுக்கதையும் பிடிபட்டிடும்" என்றான் ஏஜென்சிக்காரன். அப்படியே சொன்னார்கள். எழுபத்தொன்பதில் பிறந்த பிள்ளை கனடாவில் எண்பத்தொன்றில் பிறந்தவன் ஆனான். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளைவிட ஒரு தலை உயரமாக நின்றான். "வளர்த்தியான பிள்ளை" என்று ரீச்சர்மார் மெச்சினார்கள். கிளி தலையைக் குனிந்துகொண்டு வருவாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் மெதுவாகக் கேட்டார். "அவனுக்கு நீ என்ன புள்ள குடுத்தனீ?"

"படம் கேட்டார். நினைவு மலரை ஸ்கான் பண்ணி அனுப்பினன்."

கிழவர் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். அலுமாரியில் இருந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரை எடுத்துப் பார்த்தார். மகனின் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில்: தோற்றம் 11.02.1979. தமிழ் தெரியாதவனும் எண் வாசிப்பான். அச்சகத்துப் பெடியன் எண்பத்தொன்று என்று போட்டுக் கொண்டுவந்ததை அடித்துத் திருத்தியவரே அவர்தான். உயிரோடு இருக்கிறவனுக்குக் கடதாசியில் பொய் வயது போடலாம், செத்தவனுக்குப் போடக் கூடாது என்பது அவர் எண்ணம்.

இப்போது அது ஒரு பிரெஞ்சுக்காரனின் கையில் இருக்கிறது. ஹொக்கி வரலாறாம்! ஐம்பது வருடக் கதை எழுதுகிறவன் செத்தவன் வீட்டை ஏன் தேடிவர வேண்டும்? குடியுரிமையைத் திருப்பி எடுக்கிறார்கள் என்று எங்கேயோ கேட்டது ஞாபகம் வந்தது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். சிவானந்தத்தாரின் மடியில் நாற்பத்தொரு வருடக் கனம்.

சனிக்கிழமை சரியாகப் பத்துக்கு ஒரு பழைய கார் வாசலில் நின்றது. பியர்பொன்ட்ஸில் அவர்கள் இருக்கும் தெருவுக்கு அந்நியக் கார் வந்தால் தெரியும். யன்னல் திரையை விலக்காமலே பார்த்தார். இறங்கியவர் அவர் வயதொத்த மனிதர். கையில் தட்டையான கறுப்புப் பை. எண்பத்துநாலில் குடிவரவு அலுவலகத்தில் அவர்களை விசாரித்தவனிடமும் இதே மாதிரிப் பை இருந்தது.

"பொன்ஜூர், மொசியர்." வந்தவர் தொப்பியைக் கழற்றினார். பெயர் லபேர்ஜ். இரண்டு மணித்தியாலம் கார் ஓடி, சென்-ஒர்தான்ஸ் என்ற சிற்றூரிலிருந்து வந்திருக்கிறார். அந்த ஊர் இளையோர் பனி ஹொக்கி அணிக்கு முப்பத்தைந்து வருடம் செயலாளர்.

சிவானந்தத்தார் மெத்தைக் கதிரையை அவருக்குக் காட்டிவிட்டுத் தான் மரக்கதிரையில் நிமிர்ந்து இருந்தார். வினோஜா நடுவில் இருந்து மொழிபெயர்த்தாள்.

"எந்த வருஷம் கனடாவுக்கு வந்தீங்கள் எண்டு கேக்கிறார்."

"பாத்தியா, தொடங்கிட்டான்! ஹொக்கிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேள்."

"மாமா, சும்மா சொல்லுங்கோவன்."

"எண்பத்துநாலு."

"அப்ப இவருக்கு எத்தினை வயசாம்?"

கிழவர் மருமகளின் முகத்தைப் பார்த்தார். கேள்வி அவனுடையதா, இவளுடையதா? கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்தபோது சாதகத்தில் உண்மை வருடம் இருந்தது. ஆகவே அவளுக்கும் தெரியும்.

"சின்னப் பிள்ளை எண்டு சொல்லு."

லபேர்ஜ் அதையும் பக்குவமாக எழுதிக்கொண்டார். பிறகு பையைத் திறந்தார். உள்ளே இருந்தவை அரசாங்கப் பத்திரங்கள் அல்ல, அச்சடித்துத் துளையிட்டுக் கட்டிய தாள்கள். முகப்பில் ஒரு நரி பல்லைக் காட்டியது. 'சென்-ஒர்தான்ஸ் நரிகள்: ஐம்பது பனிக்காலங்கள்.'

அவர் பக்கங்களைப் புரட்டிப் புரட்டிச் சொல்ல, வினோஜா தமிழாக்கினாள். பால் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் பெடியன்களுக்காகத் தொடங்கிய அணி அது. முதல் வருடம் எல்லாரும் ஆலையின் வெள்ளை மேலங்கியையே சாயம் போட்டு உடுத்திக்கொண்டு ஆடினார்களாம். எண்பத்துமூன்றில் பனி விழுந்து அரங்கின் கூரை இடிந்துபோனது. அந்தப் பருவம் முழுக்கப் பக்கத்து ஊரில், எதிரிகளின் அரங்கில், எதிரிகளின் கூச்சலுக்கு நடுவே தங்கள் 'உள்ளூர்' ஆட்டங்களை ஆடி, எல்லாவற்றிலும் தோற்றார்கள். ஐம்பது வருடத்தில் ஒரே ஒருமுறை, இரண்டாயிரத்தொன்றில், இறுதி ஆட்டம் வரை போனார்கள். அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது பதினான்காம் இலக்கச் சட்டை போட்டவன். மூவாயிரம் பேர் உள்ள ஊரில் ஒரே தமிழன்.

"தங்கட வீட்டிலதான் இவர் ரெண்டு பருவம் தங்கினவராம்" என்றாள் வினோஜா. "தன்ட மனுசி சோறு சமைக்கப் பழகினவவாம், இவருக்காக."

தன்னை அறியாமல் கிழவரின் முதுகு சற்றுத் தளர்ந்தது. உடனே நிமிர்த்திக்கொண்டார். தேன் தடவித்தான் கேள்வி கேட்பார்கள்.

கேள்வியும் வந்தது. லபேர்ஜ் நினைவு மலரின் பிரதியை எடுத்து அந்தத் திகதியின் மேல் விரலை வைத்தார்.

சிவானந்தத்தார் சட்டையின் மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார்.

"அச்சுப்பிழை ஒண்டைக் கண்டாராம் மாமா. எழுபத்தொன்பது எண்டு போட்டிருக்காம். தங்கட பதிவேட்டைப் பாத்து எண்பத்தொண்டு எண்டு திருத்திப்போட்டாராம். துக்க நேரத்தில இப்பிடிப் பிழை வாறதுதானாம். எங்களுக்கும் சொல்லிப்போட்டு அச்சுக்குக் குடுப்பமெண்டு..."

அவ்வளவுதான். மூன்று நாள் பயம் அவிழ்ந்து விழுந்தது. "ஓம், பிழைதான். திருத்தினது நல்லது எண்டு சொல்லு" என்றார். வினோஜா அவரை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஆளுக்குத் தேத்தண்ணி ஊத்து புள்ள, இவ்வளவு தூரம் வந்திருக்கு மனிசன்."

தேத்தண்ணி குடித்து முடித்த பிறகும் லபேர்ஜ் எழும்பவில்லை. தாள்களில் ஒரு பக்கத்தை எடுத்து வினோஜாவிடம் நீட்டினார். இதற்காகத்தான் வந்தேன் என்றார்.

அவள் மனதுக்குள் வாசித்தாள். முகம் மாறியது.

"என்ன?"

"ஒண்டுமில்ல மாமா."

"வாசி."

"'இறுதி ஆட்டம் நடந்த நாள் காலையில் பதினான்காம் இலக்கத்தான் யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விட்டான். நாங்கள் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். அவன் ஏன் எங்களைக் கைவிட்டான் என்பது இன்றுவரை தெரியாது.'"

கதிரை பின்னால் சரிய எழுந்தார் கிழவர். "கைவிட்டவனா? ஆரு? எங்கட குடியில பொறந்தவன் ஓடிப்போறவன் இல்ல எண்டு சொல்லு! சொல்லு புள்ள!"

லபேர்ஜ் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. குரலிலேயே விளங்கியிருக்க வேண்டும். நிதானமாகப் பேசினார். வினோஜா தடுமாறித் தடுமாறிச் சொன்னாள்.

"ஊரில இதைவிட மோசமாக் கதைக்கினமாம். எதிரணியிட்டக் காசு வாங்கினவர் எண்டு சலூனில இண்டைக்கும் சொல்லினமாம். தான் அதை நம்பேல்லையாம். ஆனா காரணம் தெரியாதாம். கட்டிலில சட்டையை மடிச்சு வைச்சிட்டுப் போனவராம். அதுக்குப் பிறகு தான் போன் எடுத்தும் இவர் கதைக்கேல்லையாம். உங்களுக்குக் காரணம் தெரிஞ்சா அதை எழுதுவாராம். தெரியாட்டி... இப்பிடியேதான் அச்சுக்குப் போகுமாம்."

காரணம் சிவானந்தத்தாருக்குத் தெரியும். கிளியும் போன பிறகு, அவரைத் தவிர இனி ஒருவருக்கும் தெரியாது.

அந்த ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை. அப்போது அவர்கள் மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், மூன்றாம் மாடியில் இருந்தார்கள். ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்பு மகன் வீட்டுக்கு வந்திருந்தான். சனி மாற்றத்துக்குச் சாந்தி செய்ய வேண்டும் என்று கிளி அவனுடைய சாதகத்தை எடுத்து மேசையில் வைத்திருந்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை, எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டான்.

"அப்பா, நான் எப்ப பொறந்தனான்?"

பொய் சொல்ல நினைத்தும் சாதகத்தின் முன்னால் அவருக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னார். பெடியன் சாதகத்தைத் திரும்பவும் பார்த்தான்.

"அப்ப எனக்கு இருபத்திரண்டு. இருபதுக்கு மேல ஆடேலாது அப்பா. அதாலதான் நான் எல்லாரையும் விடப் பெருசா இருந்தனானோ? அதாலதான் நான் நல்லா விளையாடினனானோ?"

"விளையாட்டுத்தானே மனே. விசர்க்கதை கதைக்காத."

"லபேர்ஜிட்டச் சொல்லிப்போட்டு வாறன்."

அப்போதுதான் அவர் கை ஓங்கினார். "வாய் திறந்தியெண்டா உன்ட அம்மாவையும் என்னையும் பிளேன் ஏத்துவானுகள். உனக்குக் கப் வேணுமா, பெத்த தாய் வேணுமா?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் பையோடு திரும்பி வந்தான். கேட்காமலே அவருக்கு விளங்கியது. ஆடவும் இல்லை, சொல்லவும் இல்லை. சொல் கேட்கிற பிள்ளை என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார். கால் நோ, கை நோ என்று ஏதாவது சாட்டுச் சொல்லியிருப்பான் என்று நினைத்தார். ஒரு சின்னப் பொய்கூடச் சொல்லாமல், ஒரு ஊரின் வசையை முழுக்க வாங்கிக்கொண்டு வந்தான் என்பது இருபத்துநாலு வருடம் கழித்து, இந்த நடு வீட்டில், மருமகள் வாயால் தெரியவந்தது.

லபேர்ஜ் பேனாவை மூடினார். தாள்களைத் தட்டி அடுக்கிப் பையில் வைத்தார்.

"குடும்பத்துக்குச் சொல்ல ஒண்டும் இல்லை எண்டு விளங்குதாம். தொந்தரவுக்கு மன்னிக்கட்டாம்."

பேசாமல் இருந்தால் போதும். திகதியையும் அவனே திருத்திவிட்டான். கார் போய்விடும். ஒரு சிற்றூரில் நானூறு பேர் வாங்கும் புத்தகம். தமிழன் எவன் வாசிக்கப்போகிறான்?

ஆனால் நானூறு பேர் வாசிப்பார்கள்.

"இருக்கச் சொல்லு" என்றார் சிவானந்தத்தார். "மலரில பிழை இல்ல. எழுபத்தொன்பதுதான் சரி. அவங்கட பதிவேட்டிலதான் பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்."

"மாமா..." வினோஜா குரலைத் தாழ்த்தினாள். "சொல்லட்டோ? பிறகு சொல்லைப் பிடிச்சு விழுங்கேலாது."

"சொல்லு. ஒரு சொல்லும் விடாமச் சொல்லு."

அவள் சொன்னாள். கடவுச்சீட்டு, சாதகம், ஓங்கிய கை, எல்லாம். புருசன் தன்னிடமும் சொல்லாத கதை அது.

லபேர்ஜின் முகம் சிவந்தது. இரக்கம் என்று நினைத்தால் அதுவல்ல. விரல்களை மடக்கி எதையோ எண்ணினார்.

"அப்ப அந்த ரெண்டாவது பருவத்தில இவர் ஆடின எல்லா ஆட்டமும் பிழையாம் மாமா. தாங்கள் இறுதிக்கு வந்ததே செல்லாதாம். ஐம்பது வருஷத்தில ஊருக்கு இருந்தது அது ஒண்டுதானாம்." மற்றதை அவர் முகம் பாராமல் சொன்னாள். "மகன்ட பேரைக் கழுவ இப்ப ஒரு கதை கட்டுறீங்களோ எண்டு கேக்கிறார்."

"என்னைக் கள்ளனெண்டு நானே சொல்லுறன், அதையும் நம்பமாட்டானாமோ?"

இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு இருந்தார்கள். சந்தேகம் இப்போது அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. அப்படி ஒரு சந்தேகத்தின் முன்னால் இருப்பது எப்படி என்று சிவானந்தத்தாருக்கு முதன்முறையாகத் தெரிந்தது.

பிறகு லபேர்ஜ் மெல்ல, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

"அந்தக் கிழமை செவ்வாய்க்கிழமை, லீக்கிட சட்டப் புத்தகத்தை இவர் கேட்டு வாங்கினவராம். குசினி மேசையில வைச்சு ஒரே பக்கத்தைத் திருப்பித் திருப்பி வாசிச்சவராம். ஹொக்கி மட்டையிட வளைவு பற்றின சட்டம் ஏதோ எண்டு தான் நினைச்சாராம். மூண்டு நாள் சாப்பிடேல்லையாம். பயம் எண்டு மனுசி சொன்னவவாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்து, 'கைவிட்டான்' என்ற வசனத்தை ஒரு கோட்டால் அடித்தார். ஊர் என்னை நல்ல சொல் சொல்லாது என்றார். ஓரத்தில் மெதுவாக எழுதினார். எழுதி முடித்து வினோஜாவிடம் கொடுத்தார்.

"'தன் வயது லீக்கின் எல்லையைத் தாண்டியது என்று அந்தக் கிழமைதான் அவனுக்குத் தெரியவந்தது. அவன் ஆட மறுத்தான். குடும்பக் காரணங்களால் அதை வெளியே சொல்ல முடியாமல்...'"

"நிப்பாட்டு." சிவானந்தத்தார் கையை உயர்த்தினார். "குடும்பம் எண்டு போட வேண்டாமெண்டு சொல்லு. கிளி ஒண்டும் செய்யேல்ல. பெடியன் ஒண்டும் செய்யேல்ல. நீயும் இல்ல."

"அப்ப என்னெண்டு போடச் சொல்ல?"

"தகப்பன் தடுத்தவன் எண்டு போடச் சொல்லு. என்ட முழுப் பேரையும் போடச் சொல்லு."

வினோஜா சொன்னதும் லபேர்ஜ் தாளை வாங்கி அவர் முன்னால் வைத்தார். பிறகு பேனாவை அவர் பக்கம் நீட்டினார்.