ஏழாவது கூறு

சனிக்கிழமை காலையில ஆறரை மணிக்கு செல்லையாவோட லேண்ட் ரோவர் ஜங்ஷன்ல நிக்குமா நிக்காதான்னு ரெண்டு வாரமா தோமஸுக்கு அதே யோசனை. பதினோரு வருசமா நின்ன வண்டி அது. இவன் ஏறுவான், துப்பாக்கிய உறையோட கால் நடுவுல வச்சிக்குவான், வண்டி கெளம்பிரும். ஆனா ரெண்டு வாரத்துக்கு முன்னாடி தானா ராத்தா டவுன் மண்டபத்துல இவன் கைய தூக்கி பேசிட்டான். அதுக்கப்புறம் வேட்டை செட்டுல இருந்து ஒரு போன் இல்ல. போன வாரம் மழை, யாரும் வேட்டைக்கு போவல. அதனால இன்னிக்குத்தான் தெரியும், செட்டுல இவன் இருக்கானா இல்லையான்னு.

வண்டி நின்னுச்சு. தோமஸ் பின்னாடி ஏறி ஒக்காந்தான். குட் மார்னிங் சொன்னான். ரெண்டு பேரு தலைய ஆட்டுனாங்க. சாமிநாதன் மட்டும் பக்கத்துல இருந்த லூயிஸ்கிட்ட, தள்ளி ஒக்காருலா, லிபரலுக்கு எடம் பத்தாதுன்னான். சிரிச்சாங்க. தோமஸும் சிரிச்சான். கேலி பண்றாங்கன்னா கோவம் போயிருச்சுன்னுதான அர்த்தம்னு நெனச்சான்.

செட்டுன்னா ஏழு பேரு. செல்லையா, சாமிநாதன், லூயிஸ், பசுபதி, எல்வின், புவனேஸ், அப்புறம் தோமஸ். ஏழு பேருகிட்டயும் லைசன்ஸ் துப்பாக்கி, எல்லாம் ஒத்தக்குழல். எல்லாரும் தேயிலைத் தோட்டத்து லயத்துல வளந்தவங்க. இப்ப கம்போங் ராஜா பக்கம் ஆளுக்கு கொஞ்சம் நெலத்துல சக்கரவள்ளியோ சோளமோ போட்டிருக்காங்க. காட்டுப்பன்னிங்க காய்ச்சல் வந்து செத்த வருசம் காடே காலியா கெடந்துச்சு. இப்ப திரும்ப பெருகிருச்சு. ஒரு மந்தை எறங்குனா காலையில தோட்டம் ஏரு ஓட்டுன மாதிரி கெடக்கும். தனியா ஒருத்தன் துப்பாக்கிய வச்சிக்கிட்டு ஒண்ணும் புடுங்க முடியாது. ஒரு பக்கம் காட்டுலயே வாழுற அஸ்லி ஆளுங்க நாயோட கலைச்சு விடணும், இன்னொரு பக்கம் ஏழு பேரு வரிசையா நிக்கணும். செட்டு இருந்தாதான் துப்பாக்கி. இல்லன்னா அது வெறும் கம்பி.

செல்லையாதான் செட்டுக்கு தலை. தோமஸும் அவனும் ஒரே லயத்துல அடுத்தடுத்த வீடு. தோமஸ் லைசன்ஸுக்கு எழுதிப் போட்டப்ப, இவன் நல்லவன்னு கையெழுத்து போட்டவனும் அவன்தான். செல்லையா பழைய கட்சிக்கு இங்க கிளைத் தலைவர். துப்பாக்கி வச்சிருக்கவன் எல்லாம் பழைய கட்சின்னு ஒரு பேச்சு இங்க உண்டு. தோமஸ் மட்டும் போன ரெண்டு தேர்தல்லயும் மாற்றம் வேணும்ன கட்சிக்கு கொடி கட்டுனான். அது ஒண்ணும் ரகசியம் இல்ல. வண்டியில அடிச்சிக்குவாங்க, எறங்குனா மறந்துருவாங்க. அப்படித்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, டிசம்பர் வரைக்கும்.

டிசம்பர்ல ஒரு சனிக்கிழமை பன்னி காட்டை விட்டு தேயிலைக்குள்ள எறங்கிருச்சு. நாலு துப்பாக்கி ஒரே நேரத்துல வெடிச்சிச்சு. பன்னி தப்பிச்சிருச்சு. தேயிலைக்கு அந்தாண்ட ஒருத்தன் கத்துனான். ரஃபிக்னு ஒரு பங்களாதேஷ் பையன், கொழுந்து வெட்டுற மிசின் தூக்குறவன். தொடையில ரெண்டு ரவை. ஒண்ண எடுத்துட்டாங்க, இன்னொண்ணு எலும்புகிட்ட போயி ஒக்காந்துக்கிச்சு, எடுக்க வேணாம்னுட்டாங்க. போலீஸ் வந்து விசாரிச்சாங்க. எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி தோட்டா, யாருதுன்னு கண்டுபுடிக்க முடியல. வார்னிங்கோட விட்டுட்டாங்க. சுட்ட நாலு பேர்ல மூணு பேரு, என்னுது இல்லன்னாங்க. தோமஸ் அன்னிக்கு வாயே தொறக்கல. அவன் துப்பாக்கியும் அந்தப் பக்கம்தான் பாத்து வெடிச்சிருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் அந்த மண்டபத்து கூட்டம். துப்பாக்கி எல்லாத்தையும் ஸ்டேசன்ல வச்சிரணும், வேட்டை நாள்ல மட்டும் கையெழுத்து போட்டு எடுத்துக்கணும், இப்படி ஒரு யோசனை, கருத்து சொல்லுங்கன்னு ஒரு ஆபீசர் வந்தாரு. செல்லையா எந்திரிச்சு நல்லா பேசுனான். நடுராத்திரி பன்னி எறங்குனா ஸ்டேசனுக்கு ஓடிக்கிட்டு இருக்கவான்னு கேட்டான். கை தட்டுனாங்க. வேற யாராச்சும்னு ஆபீசர் கேட்டாரு. தோமஸோட கை தானா மேல போச்சு. அவன் சொன்னது ரொம்ப இல்ல. அன்னிக்கு நாலு துப்பாக்கி வெடிச்சது, அதுல ஒண்ணு என்னுது, அந்தப் பையன் கால்ல இருக்கிறது என்னோட ரவையாவும் இருக்கலாம், அதனால இந்த யோசனை எனக்கு சரின்னு படுது. அவ்வளவுதான் சொல்லிட்டு ஒக்காந்தான். 

சாமிநாதன் லிபரல்ங்கிற வார்த்தைய பேஸ்புக்ல புடிச்சான். அர்த்தம் கேட்டா அவனுக்கே தெரியாது. துப்பாக்கிய குடுத்துருன்னு சொல்றவன், காட்ட வெட்டாதன்னு சொல்றவன், வெளிநாட்டுக்காரனுக்கு பாவம் பாக்குறவன், எல்லாத்தையும் அந்த ஒரு மூட்டையில கட்டி தோமஸ் தலையில வச்சிட்டான்.

சரி, இவன் கொடி கட்டுன கட்சிக்காரங்களாச்சும் இவன சேத்துக்கிட்டாங்களான்னா, அதுவும் இல்ல. ஷாமல்னு ஒரு வாத்தியார், கிளைச் செயலாளர், மண்டபத்துல பேசினத கேட்டுட்டு வீட்டுக்கே வந்து பாராட்டுனாரு. டீ குடிச்சாரு. போறப்ப செவுத்துல மாட்டியிருந்த இவனோட வேட்டை படத்த பாத்து மூஞ்சி சுருங்கிப் போச்சு. அண்ணே, துப்பாக்கிய ஒப்படைச்சிட்டா நல்லாருக்கும், நம்ம கட்சியில துப்பாக்கிக்காரர் ஒருத்தர்னா வெளிய வேற மாதிரி பேசுவாங்கன்னாரு. தோமஸ் சொன்னான், சார், பன்னி உங்க நோட்டீஸ படிக்காது. அவரு சிரிக்கல. அதுக்கப்புறம் கிளை வாட்ஸ்அப்ல கூட்டம்னு மெசேஜ் வந்துச்சு, போயி பாத்தா இவனுக்கு நாற்காலி இல்ல.

இந்த சனிக்கிழமை செல்லையா எடம் பிரிச்சு குடுத்தான். எப்பவும் தோமஸுக்கு வரிசையில நடு எடம். இன்னிக்கு கீழ கால்வாய் ஓரம். அங்க பன்னி வராது. தோமஸ் போயி நின்னான். பனி இன்னும் விலகல. மேல நாய் கொரைச்சிச்சு. ஒரு வெடிச் சத்தம், இன்னொண்ணு. அப்புறம் சருகு நொறுங்குற சத்தம் இவன் பக்கமா வந்துச்சு. வராதுன்னு விட்ட எடத்துலயே வந்துச்சு, பெரிய கெழட்டு ஆண் பன்னி, கோரப்பல்லு வெளிய தெரியுது. இருபதடி தூரம் இருக்கும். தோமஸ் துப்பாக்கிய தூக்கிட்டான். பன்னிக்கு பின்னாடி தேயிலை, தேயிலைக்கு பின்னாடி வெறும் பனி. அந்தப் பனிக்குள்ள இருந்து கொழுந்து வெட்டுற மிசின் சத்தம் வந்துக்கிட்டு இருந்துச்சு. கிட்டயா தூரமான்னு சொல்ல முடியல. வெரலு விசைக்கு போகல. பன்னி இவன ஒரு பார்வ பாத்துட்டு கால்வாய தாண்டி போயிருச்சு.

மேட்டுல நின்ன சாமிநாதன் பாத்துட்டான். கீழ எறங்கி வந்து, ஏன்டா, பன்னிக்கும் ஓட்டு வாங்கி குடுக்க போறியான்னான். அந்தாண்ட ஆளு இருக்குடான்னான் தோமஸ். எங்க ஆளுன்னு சாமிநாதன் பனிய பாத்து கைய காட்டுனான். ஒண்ணும் தெரியலதான்.

நல்லவேளை மேல லூயிஸ் ஒரு பொட்டப் பன்னிய விழுத்தாட்டியிருந்தான். எழுபது கிலோ வரும். எப்பவும் அறுக்குற எடத்துக்கு, தண்ணித் தொட்டி பக்கத்துல, இழுத்துட்டு வந்தாங்க. அஸ்லி ஆளுங்களுக்கும் நாய்ங்களுக்கும் மொதல்ல எடுத்து குடுத்துருவாங்க. மிச்சத்த கூறு போடுறதுக்கு செட்டுல ஒரு முறை இருக்கு. கறிய சமமா கூறு கட்டி வாழை எலையில வரிசையா வைப்பாங்க. ஒருத்தன் கூறுக்கு முதுக காட்டிக்கிட்டு நிப்பான். இன்னொருத்தன் ஒரு கூற தொட்டு, இது யாருக்குன்னு கேப்பான். திரும்பி நிக்கிறவன் ஒரு பேர சொல்லுவான். சொன்ன பேருக்கு அந்தக் கூறு. எலும்பு வந்தாலும் ஈரல் வந்தாலும் சண்டை கெடயாது. பதினோரு வருசமா திரும்பி நின்னு பேரு சொல்றது தோமஸ்தான். இவன் ஓரவஞ்சனை பண்ண மாட்டான்னு செல்லையாதான் மொத மொதல்ல நிக்க வச்சான். தன் பேர கடைசியாதான் சொல்லுவான்.

இன்னிக்கும் செல்லையா, தோமஸு, போயி நில்லுன்னான். அந்த எடத்துல நிக்க சொன்னா எல்லாம் சரியாயிருச்சுன்னுதான. கறிக்குன்னு கொண்டு வந்த காலி அரிசிப் பைய உதறி தோள்ல போட்டுக்கிட்டு மலைய பாத்து நின்னான்.

"இது யாருக்கு?" செல்லையா கொரலு.

"பசுபதிக்கு."

"இது?"

"எல்வினுக்கு."

புவனேஸுக்கு, சாமிநாதனுக்கு, லூயிஸுக்கு. ஆறாவதா செல்லையாவுக்குன்னான். அடுத்தது தன்னுது. வாய்ல பேர வச்சிக்கிட்டு நின்னான். கேள்வி வரல. சிகரெட்டு பத்த வைக்கிறான் போலன்னு நெனச்சான். பின்னாடி பிளாஸ்டிக் பை பிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. யாரோ கத்திய கழுவுறாங்க. இன்னும் கொஞ்ச நேரம் மலையவே பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம்தான் திரும்பினான்.

ஆறு எலைதான் இருந்துச்சு. ஏழாவது எலையே போடல.

"ஏழு பேருலா வந்தோம்," தோமஸ் சொன்னான்.

செல்லையா இவன பாக்காம கைய தொடச்சிக்கிட்டு இருந்தான். "மண்டபத்துல நீ உண்மைய சொன்னன்னு ஊர்ல பேசுறாங்க. அப்ப நாங்க சொன்னது என்ன மச்சான்?"

"ஒங்க யாரு பேரையும் நான் சொல்லலியே. என் பேரத்தான் சொன்னேன்."

"அதான். நீ ஒம் பேர சொல்லிட்ட, இப்ப எங்கள பாக்குறவன் எல்லாம் சுட்டது நீயா நீயான்னு பாக்குறான். ஏம் பேத்தி கேக்குறா."

"செல்லையா. ஒன் துப்பாக்கியும் வெடிச்சிச்சுல்ல?"

செல்லையா தன் கூற பையில போட்டு முடிச்சு போட்டான். லூயிஸ் மட்டும் தன் பைய தொறந்து ஒரு துண்ட எடுத்து நீட்டப் போனான். செல்லையா நிமிந்து பாத்தான். லூயிஸ் துண்ட திரும்ப போட்டுட்டு வேற எங்கயோ பாத்தான்.

வண்டியில ஏற சொல்லி யாரும் சொல்லல, ஏறாதன்னும் சொல்லல. தோமஸ் நடந்தான். துப்பாக்கிய உறையில போட்டு தோள்ல மாட்டிக்கிட்டு தேயிலை ரோட்டுல எறங்கினான். வளைவுல ரெண்டு பேரு மிசின தூக்கிக்கிட்டு எதுக்க வந்தாங்க. பின்னாடி வர்றவன் கால இழுத்து நடந்தான். ரஃபிக்தான். கிட்டத்துலதான் வேலை செஞ்சிக்கிட்டு இருந்திருக்காங்க. தோமஸ் நின்னு அவனுக்கு கைய தூக்குனான். ஏதாச்சும் சொல்லணும் போல இருந்துச்சு. பையன் இவன் தோள்ல இருந்த உறைய பாத்தான். முன்னாடி போறவன்கிட்ட ஏதோ சொன்னான். ரெண்டு பேரும் ரோட்ட விட்டு எறங்கி கால்வாய்க்குள்ள போயி நின்னாங்க, இவன் போற வரைக்கும்.

வீட்டுல பொண்டாட்டி பார்பரா மெளகும் இஞ்சியும் அரைச்சு தயாரா வச்சிருந்தா. இவன் தோள்ல கெடந்த காலிப் பைய பாத்தா. அரைச்சத ஒரு டப்பாவுல வழிச்சு ஐஸ் பொட்டிக்குள்ள வச்சா.

அடுத்த செவ்வாக்கெழமை பன்னி எறங்கி தோமஸோட சக்கரவள்ளிய பாதி கெளறிப் போட்டுச்சு. கால் தடம் பெருசு. அந்தக் கெழட்டு ஆணாத்தான் இருக்கும். பக்கத்துல புவனேஸ் தோட்டம், அதுக்கு ஒண்ணும் ஆகல. புவனேஸ் வேலிக்கு அந்தாண்ட நின்னு பாத்தான், சனிக்கிழமை பாக்கலாம்னு வழக்கமா சொல்ற மாதிரி வாய தொறந்தான், அப்புறம் மூடிக்கிட்டு உள்ள போயிட்டான்.

சனிக்கிழமை தோமஸ் ஜங்ஷனுக்கு போவல. ஆனா அஞ்சரைக்கே முழிப்பு வந்துருச்சு. கட்டில்லயே ஒக்காந்திருந்தான். ஆறரைக்கு வண்டி சத்தம் ஏத்தத்துல கேட்டுச்சு. ஜங்ஷன்கிட்ட வந்தா செல்லையா கியர கொறைப்பான், அந்த சத்தம் இவனுக்கு நல்லா தெரியும். காத குடுத்து கேட்டான். கியர் மாறல. அதே சத்தத்தோட வண்டி தாண்டி போயிருச்சு.

இன்னிக்கு முதுக காட்டி நிக்க போறது யாருன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தான். பார்பரா எந்திரிச்சு வந்து, டீ போடவான்னு கேட்டா. போடுன்னான்.