எனக்குப் பதிலாகப் போனவன்

கல்ஃபில், சத்வா என்கிற பேட்டையில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றுக்கு நான் நாத்தூர். நாத்தூர் என்றால் வாட்ச்மேன் என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். வெறும் வாட்ச்மேன் வேலை என்றால் எவ்வளவோ தேவலை. படிக்கட்டு துடைப்பது, குப்பை இறக்குவது, கார் கழுவுவது, சாவியைத் தொலைத்துவிட்டு நிற்பவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவது, தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவர்களிடம் தலையை ஆட்டுவது எல்லாம் நான்தான். இந்த இருபத்தோரு வருஷத்தில் என் பெயர் அழகுமலை என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர் இங்கே ஒரே ஒருவர். அவரும் போன வருஷம் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்.

அவர் பெயர் மஹ்ரூஸ். எகிப்துக்காரர், பள்ளிக்கூடத்தில் அரபி வாத்தியார், மூன்றாவது மாடியில் தனி ஆள். காலி செய்கிறவர்கள் பெட்டிக்குள் அடங்காததையெல்லாம் நாத்தூர் தலையில் கட்டிவிட்டுப் போவது இங்கே வழக்கம். என் அறை படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. கட்டில் போக மிச்ச இடத்தில் ஒரு ஆள் திரும்பலாம். அதற்குள் மூன்று இஸ்திரிப் பெட்டி, ஒரு மீன்தொட்டி, முகம் தெரியாத யாரோ ஒரு ஜோடியின் கல்யாண ஆல்பம் எல்லாம் வந்து சேர்ந்திருக்கின்றன. மஹ்ரூஸ் ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தபோதும் இன்னொரு குப்பை என்றுதான் நினைத்தேன்.

உள்ளே ஒரு சாண் நீளத்தில் மண்பொம்மை. மயில்கழுத்து நிறம். கைகளை நெஞ்சில் குறுக்கே வைத்து, ஒவ்வொரு கையிலும் ஒரு மண்வெட்டி பிடித்திருந்தது. முதுகில் விதைப்பை மாதிரி ஒன்று. வயிற்றிலிருந்து கால்வரைக்கும் பறவையும் பாம்புமாக எழுத்து.

அவர் பாதி அரபியிலும் பாதி இந்தியிலும் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். பழைய ராஜா காலத்தில் தானியக் கிடங்கு அதிகாரி ஒருவர் செத்தபோது இதையும் கூடவே புதைத்தார்களாம். மேலுலகத்திலும் வயல் வேலைக்குக் கூப்பிடுவார்களாம். அப்போது அதிகாரிக்குப் பதிலாக இது எழுந்து ‘இதோ வந்தேன்’ என்று போக வேண்டுமாம். செத்த பிறகும் டூட்டி விடவில்லை பாருங்கள். கல்லறையைத் தோண்டிய திருடன் கையில் இது வெறும் மண். மனசறிந்து ஒருவர் கொடுத்தால்தான் வேலை செய்யும். திருடன் இதை ஒரு படகோட்டிக்குச் சும்மா கொடுத்தான். படகோட்டியிடமிருந்து ஒரு பருத்தி வியாபாரி, வியாபாரியிடமிருந்து மஹ்ரூஸின் தாத்தா, இப்போது நான். கையில் வைத்து நம் பெயரைச் சொல்லி, போக வேண்டிய இடத்தையும் சொன்னால் நம்மைப் போலவே போய் வருமாம்.

“ஷுகல் தமாம். பைத் லா” என்றார் கடைசியாக. வேலைக்கு அனுப்பு, வீட்டுக்கு அனுப்பாதே என்று அர்த்தம்.

“ஏன் உஸ்தாத்?”

அவர் டாக்ஸி வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கள் அம்மா சாகும்போது இதுதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. சந்தோஷமாகப் போனாளாம். எல்லோரும் சொல்கிறார்கள்” என்றார். பிறகு டாக்ஸி வந்துவிட்டது.

பெரியவருக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பொம்மையை முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்புறம் அதை மறந்தும் போனேன்.

ஆனி மாசம் எனக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்திருக்க முடியவில்லை. நாத்தூர் படுத்தால் கட்டடமே படுத்த மாதிரி. அர்பாபுக்கு, அதாவது முதலாளிக்கு, இரண்டாவது போனிலேயே மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். வேறு வழி தெரியாமல் பொம்மையை எடுத்து, “அழகுமலை. படிக்கட்டுக்குப் போ” என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது. ஒரு கண் அயர்ந்து எழுந்து பார்த்தால் பொம்மை இல்லை. வெளியே வாளி இழுக்கிற சத்தம்.

சாயங்காலம் பொம்மை பழைய இடத்தில் நின்றது. அடிப்பக்கம் ஈரம். மறுநாள் இரண்டாவது மாடி பிலிப்பினோ அம்மா ஒரு தட்டில் கேக் கொண்டுவந்து கொடுத்தாள். நேற்று நான் அவளுடைய காஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொடுத்தேனாம், சிரித்துக்கொண்டே நலம் விசாரித்தேனாம். அவளைப் பார்த்து நான் சிரித்ததாக எனக்கு நினைவே இல்லை. கேக்கை மட்டும் தின்றேன்.

இந்த வருஷம் என் மூத்த மகள் அருணாவுக்குக் கல்யாணம் கூடியது. சிவகங்கைப் பக்கத்திலேயே மாப்பிள்ளை. என் பெண்டாட்டி பூவாயி போனில் கத்தினாள்: “ஏங்க, பொறந்தப்பத்தேன் வரல. காது குத்துனப்ப வரல. பெரியவளானப்பவும் வரல. கையப் புடிச்சுக் குடுக்கவாவது வந்து நில்லுங்க. சித்தப்பன் குடுத்தான்னு ஊருல சொல்ல வச்சுறாதீக.”

வந்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்தேன். அர்பாபிடம் கேட்டால், “லீவு மாஃபி” என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். கட்டடத்தை விற்கப் போகிறாராம். சரியாக அந்த வாரம் வாங்குகிறவர்கள் பார்க்க வருகிறார்களாம். “எல்லாம் பக்காவாக இருக்கணும், இல்லையென்றால் உன் விசா கலாஸ்” என்றார்.

என் தூரத்துச் சொந்தம் சரவணகுமார் இங்கே டிராவல்ஸில் வேலை பார்க்கிறான். “பாஸ்போர்ட் உங்க கைலதான மாமா இருக்கு? டிக்கெட் போட்டு வச்சிருக்கேன். ஒரு வார்த்த சொல்லுங்க, மூணே நாள்ல போயிட்டு வந்துரலாம்” என்றான். சின்னவள் நர்சிங் இரண்டாம் வருஷம். விசா போனால் அவள் படிப்பு அந்தரத்தில் நிற்கும். அப்போதுதான் முருகனுக்குப் பக்கத்தில் நின்ற பொம்மை கண்ணில் பட்டது.

இதற்கு என்ன யோசனை என்று நீங்கள் கேட்பீர்கள். பொம்மையை டூட்டிக்கு விட்டுவிட்டு நான் ஊருக்குப் போக வேண்டியதுதானே. சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும். மஹ்ரூஸும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார். நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு பையில் சட்டைகூட எடுத்து வைத்தேன்.

ஆனால் தண்ணீர் மோட்டார் இருக்கிறதே, அது என் பேச்சை மட்டும்தான் கேட்கும். சுவிட்சைப் போட்டு, இடதுபக்கம் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். ஓட ஆரம்பித்த பிறகு ஒரு மாதிரி இருமும். அந்த இருமலை வைத்துத்தான் மேல்தொட்டி நிறைந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க வேண்டும். பொம்மை ஒருநாள் படிக்கட்டு துடைத்தது, சரி. மோட்டார் விஷயத்தில் அதை எப்படி நம்புவது? வாங்குகிறவர்கள் வந்து நிற்கும்போது தொட்டி வழிந்தால்? லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால்? கல்யாண வீட்டில் அப்படி என்ன இருக்கிறது? வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும், கும்பிட வேண்டும், மகள் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு என்ன பெரிய அனுபவம் வேண்டும்?

இப்போது எழுதும்போது என்னையே அறையலாம் போல வருகிறது. ஆனால் அன்றைக்கு அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. இருபத்தோரு வருஷமாக எனக்குப் பதில் எதையாவது ஊருக்கு அனுப்பியே பழகினவன் நான். பணம் போனது, கம்பளி போனது, தைலமும் டார்ச் லைட்டும் போயின. இந்த முறை என்னைப் போலவே ஒன்று போகிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். பொம்மையைக் கையில் எடுத்து, “அழகுமலை. வீட்டுக்குப் போ. மூணு நாள் இருந்துட்டு வா” என்றேன். முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது அது இல்லை.

முகூர்த்தம் ஊரில் ஒன்பதரைக்கு, இங்கே எட்டு. நான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மோட்டார் ரூமில் உட்கார்ந்திருந்தேன். எட்டு அடித்ததும் மனசு கேட்கவில்லை. பூவாயி போனுக்கு அடித்தேன். ரொம்ப நேரம் மணி போய், எடுத்தார்கள். நாதஸ்வரம், கூட்டம், யாரோ ஒரு குழந்தையின் அழுகை. அதற்கு நடுவில் ஒரு ஆள், “அலோ, யாரு பேசுறது? பொண்ணோட அப்பாதேன் பேசுறேன்” என்றான்.

என் குரல். நான் எப்போதும் இருமிவிட்டுப் பேசுகிற மாதிரியே இருமிவிட்டுப் பேசினான். “யாருங்க?” என்று மறுபடியும் கேட்டான். யார் என்று சொல்வது? போனை வைத்துவிட்டேன்.

வாங்குகிறவர்கள் பத்து மணிக்கு வந்தார்கள். லிஃப்டில் ஏறி மொட்டைமாடியைப் பார்த்துவிட்டு, பத்து நிமிஷத்தில் இறங்கிப் போய்விட்டார்கள். மோட்டார் ரூம் பக்கம் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் பொம்மை வந்து நின்றது. மார்பில் சந்தனம் காய்ந்திருந்தது. பன்னீர் வாசனை அறை முழுக்க அடித்தது. அதை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு அழுதேன். வேறு எப்படிச் சொல்வது, அழுதேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சரவணகுமார் ஓடிவந்தான். “சொல்லாமக் கொள்ளாம போயிட்டு வந்துட்டீங்களே மாமா! நான் போட்டு வச்ச டிக்கெட்டு அப்படியே கிடக்கு. எதுல போனீங்க?” என்று கேட்டுக்கொண்டே போனை நீட்டினான். அவன் பெண்டாட்டி அனுப்பிய படங்கள். அருணா கையை மாப்பிள்ளை கைமேல் வைக்கிறேன். பந்தியில் சம்பந்திக்கு இலை போடச் சொல்கிறேன். ஒரு படத்தில் அருணா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்கிறாள், நான் அவள் தலையைத் தடவுகிறேன். பத்து வயசு வரைக்கும் என்னைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட பெண் அது. எனக்கு வயிறு எரிந்தது. படத்தில் இருந்தவன்மேல்தான் எரிந்தது.

சரவணகுமாரிடம் மறைக்க முடியவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“மாமா, இத எனக்குக் குடுத்துருங்க. எம் பொண்டாட்டிக்கு அடுத்த மாசம் டெலிவரி. தலைப்பிரசவம். ஆபீஸ்ல லீவு இல்லன்னுட்டாங்க.”

“தர்றேன் மாப்ள. ஆனா இத ஆபீஸ்ல உக்கார வச்சுட்டு நீ ஊருக்குப் போ. மாத்திக் கீத்திப் பண்ணிறாத.”

“போலாம்தான்” என்று இழுத்தான். “ஆனா சீசன் டைம் மாமா. சிஸ்டம் பாஸ்வேர்டு இருக்கு, குரூப் புக்கிங் இருக்கு. இது எதையாவது மாத்தி அமுக்கிருச்சுன்னா?”

அவனை ஓங்கி ஒரு அறை விடலாம் என்று கை வந்தது. என்னை ஏன் யாரும் அறையவில்லை என்று நினைத்தபோது கை இறங்கிவிட்டது. மனசறிந்துதான் கொடுத்தேன். அறையில் வைத்துக்கொண்டு தினம் அதன் முகத்தில் விழிக்க எனக்குத் தெம்பு இல்லை. அவன் அதைக் கர்ச்சீப்பில் சுற்றித் தோள்பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை பூவாயி கூப்பிட்டாள். என்றைக்கும் இல்லாத குரல். எங்கள் போன் பேச்சு வழக்கமாகக் கரண்ட் பில்லில் ஆரம்பித்து சின்னவள் பீஸில் முடிந்துவிடும். அன்றைக்கு அவள், “சாப்டீகளா?” என்று ஆரம்பித்தாள்.

“ஏங்க” என்றாள் பிறகு. “கல்யாணத்தன்னிக்கு எல்லாம் முடிஞ்ச பெறகு, மாடிப்படியில ஏங்கூட உக்காந்து ஒண்ணு சொன்னீகள்ல.”

“ம்.”

“அது ஒண்ணு போதும்ங்க எனக்கு. நான் பட்டதெல்லாம் அன்னிக்கோட போச்சு. இத்தன வருசம் கழிச்சாவது வாயத் தொறந்து சொன்னீக பாருங்க, அதுக்கே சாமிக்குப் பொங்க வச்சேன்.”

“என்ன புள்ள சொன்னேன்?” என்றேன்.

அவள் சிரித்தாள். கல்யாணமான புதிதில் அப்படிச் சிரித்துக் கேட்டது. “ஆமா, தெரியாத மாதிரி கேளுங்க. நீங்க சொன்னத நான் வேற திருப்பிச் சொல்லணுமாக்கும். போங்க அங்கிட்டு.”

“இல்ல, சும்மா ஒருக்காச் சொல்லேன்.”

“மாட்டேன்.”

“சீக்கிரம் வந்துர்றேன்னு சொன்னேனா?”

“அது நீங்க வருசா வருசம் சொல்றதுதான.”

“பின்ன, உன்னையத் தனியா விட்டுட்டேன்னு...”

“அது இல்ல.” அவள் குரல் கொஞ்சம் மாறியது. “ஏங்க, நெசமாவே மறந்துட்டீகளா? கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டுல சொன்னீக?”

இப்போது உண்மையைச் சொல்லிவிடலாம். வந்தது நான் இல்லை, அன்றைக்கு நான் மோட்டார் ரூமில் இருந்தேன், உன் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணீர் விட்டது ஒரு மண்பொம்மை என்று சொல்லலாம். சொன்னால் அவளிடம் என்ன மிஞ்சும்? எனக்குத்தான் ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவளுக்குக் கிடைத்ததையும் நான் பிடுங்க வேண்டுமா? போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“மறப்பேனா புள்ள” என்றேன். “உன் வாயால கேக்கலாம்னு பாத்தேன்.”

“அதான பாத்தேன்” என்றாள் பூவாயி.